கதிரை கேட்டவனுக்குக் குதிரை

பிஸ்மிஹி தஆலா

எத்தாளை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

கத்தாரில் தொழில் புரியும் அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் ஸப்வான் அவர்களுக்கு, தங்களோடு கூடப் பிறந்த ராத்தா ஆசியா உம்மாவின் கணவனும், எத்தாளை தபால் கந்தோரில் ஒரு கடிதமும் தொலையாமல் வேலை பார்த்து மரியாதையோடு ஓய்வு பெற்றவனுமாகிய அத்தாஉல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் மனைவி மக்களும் அங்கே வெயிலிலும் வேலையிலும் வாடாமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். வழக்கத்துக்காக எழுதிவிட்டேன். அது பொய்.

கையில் போன் இருக்க ஏன் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். அந்தப் போனைப் பற்றித்தான் இந்த முறைப்பாடு. கள்ளனைப் பற்றிய முறைப்பாட்டைக் கள்ளன் கையிலேயே கொடுத்து அனுப்புவார்களா? அதனால்தான் பழைய பேனாவைத் தேடி எடுத்து, முத்திரை வாங்கி, முறையாக எழுதுகிறேன். பொறுமையாக முழுவதையும் வாசிக்கவும். இன்றைக்கு எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பது கடைசியில்தான் விளங்கும். விளங்கும்போது தாங்கள் ஒரு கதிரையைப் பிடித்துக்கொள்வது நல்லது. கதிரை என்ற சொல்லை எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது.

போனைத் தாங்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினீர்கள், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஒரே மகள் றிஸானா புருஷனோடு இங்கிலாந்துக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபத்தில் அல்ல. ஆசியாவுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். சமைப்பாள், தொழுவாள், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைச் சிரிக்க வைக்க நானும் படாத பாடு பட்டேன். தேங்காயில் முத்திரை ஒட்டிக் கொண்டுவந்து, இதை மருதானைக்கு அனுப்புங்கள் என்று என்னோடு சண்டை பிடித்த மனிதரின் கதை தங்களுக்குத் தெரியும், கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறீர்கள். அதைச் சொல்லி முடித்தால் தங்கள் ராத்தா "ம்" என்பாள். மகளின் முகத்தைப் பார்த்தாவது மனம் தேறட்டும் என்று தாங்கள் போன் அனுப்பினீர்கள். சந்தோஷம். ஆனால் மகள் முகம் காட்ட வாரத்தில் ஒரு நாள் போதும். மற்ற நாட்களில் அந்தச் சாமான் சும்மா இருக்குமா?

எல்லாம் தங்கள் வாப்பாவின் கதிரையில் தொடங்கியது. பலா மரத்தில் செய்து, கலியாணத்தன்று ஆசியாவோடு பள்ளிவாசல்துறையிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய அந்தப் பெரிய கைக் கதிரை. அல்லாஹ் அவருடைய கப்றை வெளிச்சமாக்குவானாக, மாமா என்னிலும் இரண்டு மடங்கு கனம். அவர் இருந்தபோது முனகாத கதிரை, நான் பேப்பர் வாசிக்க இருந்தபோது ஒரு காலை முறித்துக்கொண்டு என்னை அலுமாரியில் மோத வைத்தது. உள்ளே இருந்து ஓடி வந்த தங்கள் ராத்தா என்னைப் பார்க்கவில்லை, கதிரையைப் பார்த்தாள். "எங்கட வாப்பா இருந்தப்ப ஒண்டும் ஆகல்ல" என்றாள். மாதக் கணக்கில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வசனம் அது.

மரவேலை செய்யும் ஓடாவி முபாரிஸிடம் போனேன். "மச்சான், நான் இப்ப வள்ளத்து வேலை மட்டுந்தான் பாக்கிற. கதிரைக்குக் கால் போட்டுட்டு நிண்டா மீன்காரனுகள் என்ட காலை முறிச்சிருவானுகள்" என்றார். வந்து ஆசியாவிடம் சொன்னேன். போனில் எல்லாம் இருக்கிறது, மைக்கை அமத்திக் கேட்டால் சொல்லும் என்று றிஸானா சொல்லியிருக்கிறாளாம். சரி என்று மைக்கை அமத்தி, "கதிரைக் கால் உடைஞ்சா என்ன செய்யிற?" என்று கேட்டேன். அது "குதிரைக் கால் உடைந்தால்" என்று எழுதிக்கொண்டது.

குதிரை அல்ல, கதிரை என்றேன். கதிர்காமத்துக்கு வழி காட்டியது. அந்தக் காலத்தில் கொழும்புக்கு டிரங்க் கோல் எடுத்துக் கத்திய குரலில், "க-தி-ரை!" என்றேன். பக்கத்து வீட்டு நிஸ்மியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள், போன் கத்தரிக்காய்ப் பொரியல் காட்டியது. அது தமிழ் படித்தது கடலுக்கு அந்தப் பக்கத்தில் போலிருக்கிறது, அங்கே நாற்காலி என்றால்தான் விளங்குமாம். நீங்களும் அப்படிச் சொல்லிப் பாருங்களேன் என்றாள் ஆசியா. எப்படிச் சொல்வேன்? மூன்று காலில் சரிந்து கிடக்கும் ஒன்றை நாற்காலி என்று சொன்னால் அது பொய். ஒரு போனுக்காகப் பொய் சொல்லும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. கடைசியாக ஒரு தரம் "கதிரைக் கால்!" என்றேன். மறுபடியும் குதிரைக் கால், அதற்கு ஒரு மனிதரின் படம் ஓடத் தொடங்கியது. விடு என்று வைக்கப் போனேன். தங்கள் ராத்தா என் கையைப் பிடித்து, "பொறுங்க, அந்த மனிசன் என்ன செய்றாரு எண்டு பாப்பம்" என்றாள்.

அந்த மனிசன் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு குதிரையின் காலைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டு, குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். பழைய லாடத்தைக் கழற்றி, அழுக்கைத் தோண்டி, தேங்காய்ச் சொட்டை வழிப்பது போலச் சுற்றிவரச் சீவி எடுத்தார். அடியில் வெள்ளையாகப் புதுக் குளம்பு வந்தது. "மாஷா அல்லாஹ்" என்றாள் ஆசியா. அது முடிய மாட்டுக் குளம்பு. அது முடிய, துருக்கியிலோ எங்கேயோ ஒருவர் கறுப்புச் சேறாக இருந்த கம்பளத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார், அரை மணித்தியாலம் வேறு ஒன்றுமே நடக்கவில்லை, கடைசியில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு ரோசாப்பூ வருகிறது. "இஞ்ச பாருங்க, அடியில பூ ஈக்குது!" என்று இவள் என் தோளில் அடித்தாள். அதற்குப் பிறகு கதவுகள் மூடும் சத்தத்தைக் கேட்டுப் பரீட்சை போலப் புள்ளி போடும் ஒரு கிழவர். குவாக் குவாக் என்று கத்தும் தாராக்களுக்கு மழைக்கோட்டுப் போட்டு ஊர்வலம் விடும் ஒரு கிராமம். துருப்பிடித்த நகம் வெட்டியைக் கண்ணாடி போல மினுக்கி, அதால் தன் நகத்தையே வெட்டிக் காட்டும் ஒரு ஜப்பான்காரர். இவர்களுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா? இவர்களைப் பார்ப்பவர்களுக்கு இல்லையா? கதிரை என்ற சொல்லில் இறங்கியவள் மழைக்கோட்டுத் தாராவில் போய் நின்றாள். உடைந்த கால் கதவு மூலையில் அப்படியே கிடந்தது.

இனித் "தாங்கள்" என்று எழுத எனக்குப் பொறுமை இல்லை. கேள் ஸப்வான். அன்றிலிருந்து என் வீடு வீடாக இல்லை. சோற்றுக்கு ஊற்றும் ஆணம் அடிப்பிடிக்கிறது. தேத்தண்ணியில் ஒரு நாள் சீனி இரண்டு தரம், ஒரு நாள் உப்பு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிஸ்மியாவும் இன்னும் நாலு பெண்களும் வந்து பாயை விரித்து இருந்துவிடுகிறார்கள், நான் வானொலிச் செய்தி கேட்க வாசலுக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. நீ மக்காவிலிருந்து கொண்டுவந்து தந்த கம்பளத்தை உன் ராத்தா முற்றத்தில் போட்டு, அந்தத் துருக்கிக்காரரைப் போலவே விளக்குமாற்றால் தேய்த்தாள். அடியில் பூ இருக்கவில்லை. மேலே இருந்த பூவும் வாய்க்காலோடு போய்விட்டது. நிஸ்மியாவின் வெள்ளைக் கோழிகள் அந்தத் தண்ணீரில் புரண்டு, சிவப்புக் கோழிகளாகத் திரிந்தன. அதற்கு நிஸ்மியா சண்டைக்கு வந்தாளா? இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து கோழியைப் படம் பிடித்தார்கள்.

நான் ஏன் மறைக்க வேண்டும், என்னைச் சுட்டது ஆணமும் இல்லை, கம்பளமும் இல்லை. உன் ராத்தா சிரிக்கத் தொடங்கியிருந்தாள். முகம் தெரியாத ஒரு தாராவைப் பார்த்து! அத்தனை மாதமாகத் தேங்காய்க் கதையோடு எதிரே நின்றவன் நான், தாரா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து ஒரே நிமிடத்தில் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அவள் சிரிப்பாள், நான் "என்ன?" என்று கேட்பேன், "உங்களுக்கு விளங்காது" என்பாள். ஒரே பாயில் இருந்துகொண்டு பெண்சாதியின் சிரிப்புக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்குப் பொறாமையாக இருந்தது, எழுதிவிட்டேன், போ.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கல்பிட்டி ரோட்டில் திரியும் கழுதைகளை நீ மறந்திருக்க மாட்டாய். அதில் ஒன்று எங்கள் வேலிப் படலை வாசலுக்கு வரத் தொடங்கியது. யாருக்கும் சொந்தமில்லாத கிழட்டுக் கழுதை, குளம்பு வளர்ந்து நுனி மேலே சுருண்டு, ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைக்கும். முன்பென்றால் ஆசியா அதைக் கண்டிருக்கவே மாட்டாள். இப்போது அவள் குளம்பு விஷயத்தில் படித்தவள் அல்லவா? பேக்கரிப் பாண் துண்டு கொடுத்துப் பழக்கினாள். காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அந்தக் குளிர் தேசத்து மனிசனுக்கும் உங்கட வயசுதான் இருக்கும்" என்றாள். நான் தபால் கந்தோர்க்காரன், எனக்கென்ன கழுதைக் குளம்பு தெரியும் என்றேன். "இத்தின வருசம் முத்திரை குத்தின கைதானே, பலம் இல்லாமலா போகும்? வாயில்லாப் பிராணி நொண்டிறத உங்களுக்குப் பாத்துக்கிட்டு இருக்க ஏலுமா?" என்றாள். ஏலாது என்று எனக்கும் தெரியும். அதுதான் கோபம்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். எனக்குப் பறித்தது கழுதை. படத்தில் அந்த மனிசன் குதிரையை ஒரு தூணில் கட்டுவார். எங்கள் முற்றத்தில் தூண் இல்லை, தென்னை எட்டத்தில் நின்றது, கயிறு நீளம் போதாத கட்டை. நான் என்ன செய்தேன், முற்றத்தில் வெயிலுக்கு வைத்திருந்த உன் வாப்பாவின் மூன்று கால் கதிரையில் கழுதையைக் கட்டினேன். பலாக் கதிரை, நாலு பேர் தூக்கும் கனம், எங்கே அசையப் போகிறது? ஆசியா கதிரை மேலே பாண் வைத்தாள், கழுதை சாப்பிடத் தொடங்கியது. நான் சாரத்தை மடித்துக் கட்டி, படத்தில் பார்த்தபடியே பின்பக்கமாகக் குனிந்து, காலைத் தூக்கித் தொடையில் வைத்தேன். ஒரு நிமிடம், ஸப்வான், சரியாகத்தான் இருந்தது. அப்போது அது கத்தியது. கழுதை கத்தினால் ஷைத்தானிடமிருந்து பாதுகாப்புத் தேடி அஊது பில்லாஹ் ஓத வேண்டும் என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதும் பள்ளியில் அடித்துப் பழக்கிய உடம்பு இது. ஓதுவதா, காலைப் பிடிப்பதா? ஓதினேன். காலை விட்டேன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே கழுதை முன்னே போக, கதிரை பின்னே தடால் தடால் என்று தாளம் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டியது. அதன் பின்னே நான். நொண்டிக் கழுதைக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அஸர் தொழுதுவிட்டு ஜமாஅத்தே பள்ளிவாசல் படியில் இறங்கிய நேரம். "கதிரையப் புடிங்க! கதிரையப் புடிங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பள்ளிவாசல் தலைவர் ஃபைஸல் ஹாஜியார் ஒதுங்கி நின்று, மிகவும் மரியாதையாக, "போஸ்ட்மாஸ்டர், அது குதிரை இல்ல, கழுதை" என்றார். எனக்கு ரோட்டிலேயே தலை சுற்றியது. கடலுக்கு அந்தப் பக்கத்துப் போனுக்குக் கேளாவிட்டால் போகட்டும், எனக்குப் பக்கத்தில் நின்று தொழுகிற மனிதருக்கும் குதிரையாகவா கேட்க வேண்டும்? கதிரையில் மிஞ்சிய மூன்று காலும் பள்ளிவாசல் மதிலோரம் ஒவ்வொன்றாக விழுந்தன. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று சொல்லிவைத்தவன் வாய்க்குச் சீனி போட வேண்டும், அது நேரே போய் பழைய மடத்தின் இடிந்த சுவரடியில்தான் நின்றது.

அந்த நேரம் பார்த்து எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தவர் மீன்கார மரியநாயகம். பெட்டி நிறைய மீன், வெயிலில் பழுதாகும் மீன், அதை விற்காமல் இறங்கி நின்று எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறார். கேட்டதற்கு, "அண்ணை, மீன் நாளைக்கும் படும், இது படுமா?" என்கிறார். யாரோ அதற்கு ஒரு பாட்டையும் ஒட்டி உலகத்துக்கு விட்டுவிட்டார்கள். துருக்கிக்காரரின் கம்பளமும் ஜப்பான்காரரின் நகம் வெட்டியும் ஓடுகிற அதே இடத்தில் இப்போது என் முதுகும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாராவைப் பார்த்து முடித்தவர்களுக்கு அடுத்ததாக என்னைக் காட்டுகிறதாம்.

இதையும் நான் பொறுத்தேன். ஊர் சிரித்தது, பொறுத்தேன். இப்போது கதிரையைப் பிடித்துக்கொள், ஸப்வான். நேற்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு உன் ராத்தாவின் போனுக்குக் கத்தாரிலிருந்து ஒரு படம் வந்தது. கூடவே உன் குரல்: "ராத்தா, இதக் கட்டாயம் பாருங்க! எந்த ஊர்ப் பைத்தியமோ தெரியா, எங்கட ரோட்டுப் போலதான் ஈக்குது. கழுதைக்குப் பின்னால கதிரை கேட்டு ஓடுறான். சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது. மச்சானுக்கும் காட்டுங்க!"

மச்சானுக்கும் காட்டினாள்.

அடே, என் முகம் தெரியவில்லை, சரி, முதுகுதான் விழுந்திருக்கிறது. நீ முதன்முதல் வெளிநாடு போன நாளில் உன் பெட்டியைச் சுமந்துகொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உனக்கு முன்னே நடந்த முதுகு அது. அழுதுகொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தாய். அதுவும் மறந்துவிட்டதா? முதுகை விடு. அந்தக் கதிரை உன் வாப்பாவின் கதிரை. அதன் கையைக் கடித்துத்தான் உனக்குப் பல் முளைத்தது என்று உன் உம்மா சொல்லுவார், அந்தப் பல் தடம் இன்னும் இருக்கிறது. உன் பல் தடத்தை ஒரு கழுதை தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது, நீ கத்தாரில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய்.

உன் குரலைக் கேட்டு உன் ராத்தா என்ன செய்தாள் என்பதையும் எழுத வேண்டும். முதலில் என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். பிறகு அலுமாரியைப் பிடித்தாள், பிடி வழுக்கித் தரையில் இருந்துவிட்டாள். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது, அழுகிறாளோ என்று நான் பயந்துபோனேன். பிறகு சத்தம் வந்தது. கண்ணால் தண்ணீர் ஓட, "பைத்தியமாம்... மச்சானுக்கும் காட்டட்டாம்..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் றிஸானா இந்த வீட்டில் இருந்த காலத்தில்தான் கடைசியாகக் கேட்டேன். தாராவுக்கு வந்த சிரிப்பு இல்லை, இது வேறு, இது எனக்கு வந்தது. கோபத்தில் கடிதம் எழுதுகிறவன் இதையெல்லாம் எழுதக் கூடாது. ஆகையால் இந்தப் பந்தியை நீ வாசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்.

கோபத்துக்கு வருகிறேன். என் தீர்மானம் இதுதான். ஊருக்கு வருகிற யாரையாவது அனுப்பி அந்தப் போனைத் திருப்பி எடுத்துக்கொள். எடுக்காவிட்டால் களப்பில் வீசுவேன், இறாலும் நண்டும் குளம்பு சீவுவதைப் பார்த்துப் படிக்கட்டும். நீ அந்தப் படத்தை யார் யாருக்கு அனுப்பினாயோ அத்தனை பேருக்கும், அது பைத்தியம் அல்ல, என் மச்சான் என்று அறிவிக்க வேண்டும். எது கூடிய மரியாதைக் குறைவு என்று நீயே யோசித்து, வேண்டுமானால் அறிவிக்காமலும் விடலாம். கதிரைக்கு நீ தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எவ்வளவு கோபமாக இருந்தாலும் துஆ இல்லாமல் ஒரு கடிதத்தை மூட என் கை பழகவில்லை. அல்லாஹ் தங்கள் உழைப்பில் பரக்கத்தையும், உடம்பில் ஆரோக்கியத்தையும், கண்ணில் உறவினர் முதுகை அடையாளம் காணும் பார்வையையும் தருவானாக. பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தங்கள். தங்கள் மனைவிக்கு எங்கள் ஸலாம். தங்களுக்கு என் கோபம் மட்டும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
மனம் நொந்த மச்சான்,
அத்தாஉல்லா
(ஓய்வுபெற்ற தபாலதிபர்)

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஓடாவி முபாரிஸ் மரம் அறுக்கும் வாளும் அரமுமாக வந்து நின்றார். மரியநாயகத்தின் படத்தைப் பார்த்தாராம். "உங்களப் பாத்துச் சிரிப்பு வந்திச்சி மச்சான், கதிரையப் பாத்துத்தான் அழுகை வந்திச்சி" என்றார். கதிரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நாலு காலும் புதிதாகத்தான் போட வேண்டும், அதற்கு நாள் எடுக்கும், முதலில் படலையில் பாணுக்கு வந்து நிற்கும் கழுதையைப் பார்ப்போம் என்றார். இந்த முறை தென்னையில் கட்டினோம். அவர் பிடித்தார், நான் வெட்டினேன். ஒரு குளம்பு முடிந்துவிட்டது, ஸப்வான். அடியில் வெள்ளையாக வந்தது, அந்தக் குளிர் தேசத்தில் வருகிற அதே வெள்ளை. கழுதை காலைக் கீழே வைத்தது, எடுத்தது, மறுபடியும் வைத்துப் பார்த்தது. இன்னும் மூன்று இருக்கிறது. ஆகையால் போனை எடுக்க யாரையும் அனுப்ப வேண்டாம். வருகிறவரிடம் குளம்பு வெட்டும் அந்தப் பெரிய குறடு ஒன்றும், போனை வைத்துப் படம் பிடிக்கும் தாங்கி ஒன்றும் கொடுத்து அனுப்பு. உன் வாப்பாவின் கதிரை இப்போது ஒரு காலும் இல்லாமல் முற்றத்தில் தரையோடு கிடக்கிறது, அப்படியும் அது கதிரைதான். நாற்காலி என்பவர்கள் இதற்கு என்ன பேர் வைப்பார்கள் என்று பார்ப்போம். உன் ராத்தா அதில் இருந்துகொண்டுதான் படம் பிடிக்கிறாள். சிரிப்பில் கை ஆடி, பிடித்த அத்தனை படத்திலும் கழுதையின் வயிறும் என் முழங்காலும் மட்டும்தான் விழுந்திருக்கின்றன. சிரிக்காமல் பிடி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தாங்கியை அனுப்பு. என் முகமும் சேர்ந்து விழுந்தால், அடுத்த முறை யாருக்காவது அனுப்பும்போது பைத்தியம் யார் என்று பேரைப் போட்டே அனுப்பலாம்.